மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்கு சர்க்யூட் தியரி சொல்லித் தந்து, அது மண்டையில் ஏறாதபோதும் கோபப்படாத பேராசிரியப் பெருமக்களே, சங்கத் தலைவர், செயலாளர் அவர்களே, மூத்தவர்களே, என்னோடு சேர்ந்து மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட நண்பர்களே, இறுதியாண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே!

செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "மருத்துவக் கருவி செய்கிற கம்பெனியில் இருக்கிறாயே, அதைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். "அண்ணே, தோற்றுப்போன கருவியைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்" என்றேன். "அதுவே நல்லது, ஜெயித்த கதை சொல்ல ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஆகவே தோற்ற கதையோடு தொடங்குகிறேன்.

2011இல் இங்கே இ.சி.இ. முடித்துவிட்டு இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் ஒரு சிறிய கருவித் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, காசநோயாளிகளுக்கான மாத்திரைப் பெட்டி. சாதாரண வகைக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இருமல் நின்று உடம்பு தேறியதும் பலர் நடுவில் விட்டுவிடுவார்கள். விட்டால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம். சீனாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. நினைவூட்டும் பெட்டி கொடுத்தால் மாத்திரை தவறுவது குறைகிறது, வெறும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதால் அப்படிப் பலன் இல்லை என்று அதில் கண்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எங்களுக்குக் கை துறுதுறுத்தது.

பெட்டியின் மூடியில் ஒரு ரீட் சுவிட்ச், உள்ளே பேட்டரி, ஒரு சிம் கார்டு. காலை எட்டு மணிக்குக் கூவும், பச்சை விளக்கு எரியும். திறக்காவிட்டால் சிவப்பு விளக்கு. மறுநாளும் திறக்காவிட்டால் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் போய்விடும். மூடியைப் பத்தாயிரம் தடவை திறந்து மூடிச் சோதித்தோம். மேஜையிலிருந்து கீழே போட்டோம். ஈரப்பதத்தில் வைத்தோம், வெயிலில் வைத்தோம். ஆறு பேர் கொண்ட குழு. ஆறு பேரில் ஒருவருக்கும் காசநோய் வந்ததில்லை, வந்த ஒருவரிடமும் நாங்கள் பேசியதில்லை. அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை, அதுதான் விஷயம்.

தென் மாவட்டம் ஒன்றில் சோதனை ஓட்டமாகப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு பெட்டி 'கோளாறு' என்று பட்டியலில் வந்தது. பல நாட்களாகத் திறக்கப்படவில்லை, பேட்டரி மட்டும் நன்றாக இருக்கிறது. என்னவென்று பார்க்க நானே போனேன். பீடி சுற்றுகிற ஒரு அக்கா வீடு. மடியில் தட்டு, தட்டில் இலை, தூள். "அக்கா, பெட்டி எங்கே?" என்றேன். எழுந்து உள்ளே போய் அரிசி டிரம்முக்குள் கைவிட்டு எடுத்தார். அரிசிக்குள் புதைத்தால் சத்தம் வெளியே வராதாம்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களாக்கா?"

"ஒரு நாள் தவறலை தம்பி." இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்துக் காட்டினார். அந்த வார மாத்திரை பட்டை பட்டையாக உள்ளே இருந்தது. சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் பென்சிலால் ஒரு புள்ளி. பீடிக்குக் கணக்கு வைக்கிற கை அல்லவா, ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

"மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருக்கோம். பொண்ணு பாக்க வருதாங்க. அந்த நேரம் பாத்து இது கூவினா என்னன்னு சொல்ல? சரி தம்பி, நான் ஒண்ணு கேக்கேன், இந்தப் பெட்டி கூவுதே, அது எனக்குக் கூவுதா, தெருவுக்குக் கூவுதா?"

எனக்குப் பதில் இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெட்டி திறக்கவில்லை என்ற தகவல், நாங்கள் எழுதிய புரோகிராம் சொன்னபடி, சரியாகப் பணியாளருக்குப் போயிருக்கிறது. அவர் பாவம், கடமை தவறாதவர். தெருவில் நின்றே, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடலியாமே?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரன் பிறகு தட்டிப்போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். வேறு காரணம் சொன்னார்களாம். வேறு காரணமாகத்தான் இருக்கும் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

எங்கள் கம்ப்யூட்டரில் அந்த அம்மா 'மருந்து தவறியவர்'. அதே கம்ப்யூட்டரில் தினமும் எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து மூடிவிட்டு மாத்திரையைத் தொடாத ஒருவர் 'நூறு சதவீதம்'. மூடி திறந்ததைத்தான் அளந்தோம், மாத்திரை தொண்டைக்குள் போனதை அளக்கவில்லை. தப்பான தகவலை வைத்து ஒரு ஆய்வறிக்கையே எழுதியிருப்போம்.

அதற்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மேல்நாட்டில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ஆராய்ச்சியில் நோயாளிகள், பொதுமக்கள் பங்கேற்பு. பங்கேற்பு என்றதும், ஊசி போட்டுக்கொள்ள, ரத்தம் கொடுக்க முன்வருவது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆராய்ச்சிக்கு உட்படுவது. நான் சொல்வது, எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது, எதை அளப்பது, முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கிற மேஜையில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி போடுவது. இங்கிலாந்தில் 1996இலேயே இதற்காக அரசு மருத்துவ ஆராய்ச்சித் துறையில் ஒரு குழு அமைத்தார்கள். 2004இல் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்று ஓர் அமைப்பு வந்தது. நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்கிறவர், டாக்டர் மூவரும் உட்கார்ந்து, இந்த நோயில் இன்னும் விடை தெரியாத முக்கியமான பத்துக் கேள்விகள் எவை என்று சேர்ந்து முடிவு செய்கிற முறை.

நம்ம ஊர்க் காசநோய் ஆராய்ச்சிக்கும் பெரிய சரித்திரம் உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் இந்த முடிவு வெளிவந்தபின் உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையின் போக்கே மாறிற்று. அந்த ஆய்வில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளியின் வீட்டை அவ்வளவு அக்கறையோடு பார்த்த ஆராய்ச்சி அந்தக் காலத்தில் அபூர்வம். ஆனாலும் அது நோயாளியைப் பற்றிய ஆராய்ச்சி, நோயாளியோடு சேர்ந்து செய்தது அல்ல. என்னுடைய பெட்டியும் ஒருவகையில் அந்த மாத்திரை எண்ணும் வேலையின் பேரப்பிள்ளைதான்.

நோயாளியோடு சேர்ந்து செய்வதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எய்ட்ஸ் நோயாளிகள். 1983இல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், எங்களை 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் எங்களை உட்கார வையுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1988 அக்டோபரில் ஆக்ட் அப் என்ற அமைப்பினர் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. மருந்தியல், புள்ளியியல் எல்லாவற்றையும் ராப்பகலாகப் படித்து டாக்டர்களோடு சரிக்குச் சரியாக வாதாடினார்கள். 1990 வாக்கில் அரசாங்கத்தின் எய்ட்ஸ் மருந்துப் பரிசோதனைக் குழுக்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

தம்பிகளே, இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஏ.இசட்.டி. மருந்தின் ஆரம்பப் பரிசோதனையில் ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. சாகக் கிடக்கிறவனுக்கு வெற்று மாத்திரை. சில நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் மாத்திரையை லேபில் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சிலர் மருந்தை ஒருவருக்கொருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். டாக்டர் கையில் இருந்த கணக்கு ஒன்று, உடம்புக்குள் போனது வேறொன்று. அரிசி டிரம்மும் சுருக்குப் பையும் இல்லையா இது? மனிதர்கள் தாங்க முடியாத விதியைப் போட்டால், அந்த விதியை அவர்கள் சத்தமில்லாமல் வளைத்துக்கொள்கிறார்கள், நம் கையில் கிடைக்கிற எண்கள் கெட்டுப்போகின்றன. நோயாளியைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அளவுக் கருவி சரியாக அளக்க வேண்டுமானாலும் அது தேவை.

கேட்காவிட்டால் ஆராய்ச்சி நின்றே போகும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க டெனோஃபோவிர் மாத்திரை உதவுமா என்று பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் சோதிக்கத் திட்டமிட்டார்கள். பக்கவிளைவு வந்தால் பிற்காலத்தில் எங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை. 2004இல் அரசே அதை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷமே கேமரூனிலும் அதே மருந்தின் சோதனை நிறுத்தி வைக்கப்பட்டது. பட்ட பிறகு, 2007இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு, சமூகத்தை ஆரம்பத்திலிருந்தே கலந்துகொள்வது எப்படி என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பின்னாளில் அதே மருந்து அடங்கிய மாத்திரை தடுப்புக்குப் பயன்படும் என்று வேறு இடங்களில் நிரூபணமாயிற்று. அதாவது கேள்வி நல்ல கேள்விதான், கேட்ட விதம்தான் கெடுத்தது.

"நோயாளிக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்று காலையில் காப்பி குடிக்கும்போதே ஒரு மூத்தவர் என்னைக் கேட்டார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, எத்தனை பேரைச் சேர்த்தால் புள்ளிவிவரம் நிற்கும் என்பது நோயாளிக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். எதை அளக்க வேண்டும் என்பது தெரியும். மூட்டுவாத ஆராய்ச்சியில் வீங்கின மூட்டு எத்தனை, வலிக்கிற மூட்டு எத்தனை, ரத்தத்தில் என்ன என்று பல காலம் அளந்துகொண்டிருந்தார்கள். எதையெதை அளப்பது என்று முடிவு செய்யும் சர்வதேச மாநாட்டுக்கு 2002இல் முதல் முறையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். வந்தவர்கள், எங்களைப் படுத்துவது அசதி, அதை ஏன் நீங்கள் அளப்பதே இல்லை என்றார்கள். நிபுணர்கள் நிறைந்த அந்த அவையில் அசதியை யாரும் அதுவரை பட்டியலில் சேர்க்கவில்லை. சில ஆண்டுகளில் அது அளக்க வேண்டியவற்றில் ஒன்றாகிவிட்டது.

யாரைக் கேட்கிறோம் என்பது அடுத்த சங்கதி. இதற்கு நம் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டினோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் ஜப்பான் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற விகிதத்தை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜனைச் சொல்வது. அழகான வேலை. ஆனால் விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் விரலில் அளந்து போட்டது. அவர்களில் பெரும்பாலோர் வெளிர் நிறத்தவர். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தும் கருவி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டுவது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனை என்ன? சோதனைக்கு எடுப்பவர்களில் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், இதில் எது அதிகமோ அத்தனை பேர் கருத்த தோல் உடையவர்களாக இருந்தால் போதும். பத்துப் பேரில் இரண்டு பேர்! இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெட்டிக்குப் பிறகு புத்தி வந்து, நோயாளிகள் கூட்டம் ஒன்று போட்டோம். அதிலும் தோற்றோம். நகரத்தில் ஒரு ஓட்டல் ஏ.சி. அறை, காலை பதினொரு மணி, ஆங்கிலத்தில் எழுதிய ஸ்லைடு. எட்டுப் பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவரும் நோயிலிருந்து மீண்டவர்தான், மீதி ஏழு பேர் சார்பிலும் ஒரு மணி நேரம் பேசினார். பெண்கள் மூன்று பேரும் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு அன்றைய கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று. நாங்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். கூட்டம் நடந்தது என்று அறிக்கையில் எழுதிக்கொண்டோம்.

மறுமுறை நிதானமாகச் செய்தோம். ஊருக்குள் போய்க் கூட்டம் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், மாத்திரை வாங்க வருகிற நாளிலேயே தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு பின்னறையைக் கேட்டு வாங்கினோம். சென்னையில் 1999இல் தொடங்கிய ரீச் போன்ற அமைப்புகள், நோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மற்றவர்களுக்குத் துணையாக அனுப்புகிற வழக்கம் இருக்கிறது என்று படித்திருந்தேன். அதேபோல் மீண்டு வந்த ஒரு பெண்ணிடமே கூட்டத்தை நடத்தச் சொன்னோம். ஒரு நாள் கூலியைக் கவரில் போட்டு, பேசினாலும் பேசாவிட்டாலும் முதலிலேயே கொடுத்துவிட்டோம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டியையே கையில் கொடுத்து, "இதில் எதைப் பிடுங்கி எறியலாம்?" என்று கேட்கச் சொன்னோம். நான் கடைசியில் ஒரு ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சுலபமில்லை, பொறியாளருக்கு.

அன்று கொட்டித் தீர்த்தார்கள். சத்தம் வேண்டாம், சிவப்பு விளக்கு வேண்டாம். தகவல் போனால் புருஷன் போனுக்குத்தானே வருது, என் கையில போன் ஏது என்று ஒருவர். பெட்டியே வேண்டாம் என்று பாதிப் பேர். மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகிறதே, ரத்தமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன், அது மருந்தின் நிறம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை என்று ஒரு பெரியவர். வெறும் வயிற்றில் சாப்பிட்டு வேலைக்குப் போனால் குமட்டுகிறது, அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கக்கூடாதா என்று பலர். ஊசியென்றால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும், டாக்டர்கள்தான் போடமாட்டேன் என்கிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அதை டாக்டர் பொறுமையாக விளக்கினார். சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்பதில்லை, அவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் நாங்கள் ஆறு பேர் ஒரு வருஷமாக 'எப்படி நினைவூட்டுவது' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அந்த அறையில் மறந்துபோய் மாத்திரை தவறியவர் என்று ஒருவர்கூட இல்லை.

இதையெல்லாம் எழுதி நிறுவனத்தில் கொடுத்தேன். மேலாளர் நல்லவர், முழுக்கப் படித்தார். அச்சு வார்த்தாகிவிட்டது, நிதி கொடுத்தவர்களுக்கு வடிவமைப்பைக் காட்டி ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். திட்டம் அப்படியே நடந்து, அப்படியே முடிந்தது. மிச்சப் பெட்டிகள் கிடங்கில் இருக்கின்றன. பெட்டி வார்த்த பிறகு கேட்டால் வண்ணத்தை மட்டும்தான் மாற்றலாம், கேள்வி தாளில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் பாமர மக்கள் சார்பில் ஒருவர் கட்டாயம். ஆனால் அந்தக் குழுவுக்குக் காகிதம் வரும்போது ஆராய்ச்சியின் கேள்வி முடிவாகிவிட்டிருக்கும். படித்தவர்களுக்கு நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நான் எம்.டி. மாணவர்கள் கூட்டத்தில் ஒரு முறை மாட்டிக்கொண்டேன், எனக்கே வாய் திறக்கவில்லை. இரண்டு பேராவது வேண்டும்.

இப்போது சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன். உடல்நலம் சார்ந்த இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்கு நிதி தருவதென்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. மனமார்ந்த பாராட்டு. விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். சர்க்யூட் வரைபடத்துக்கு ஒரு பக்கம், செலவுக்கு ஒரு பக்கம், வழிகாட்டி கையெழுத்துக்கு அரைப் பக்கம். யாருக்காகச் செய்கிறீர்கள், அவர்களில் யாரிடம் கேட்டீர்கள், கேட்டபின் எதை மாற்றினீர்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அந்த மூன்று கேள்வியையும் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. தேர்வுக் குழுவில் ஐந்து பேராசிரியர்களோடு, அந்த நோயைப் பட்டறிந்த இரண்டு பேரும் உட்கார வேண்டும். குழு தமிழில் பேச வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியும் வழிச்செலவும் தர வேண்டும்.

பொருளாளர் அண்ணனுக்கு இதில் ஒரே கவலை, நோயாளிக்குக் கொடுக்கும் கூலியை எந்தத் தலைப்பில் வவுச்சர் போடுவது, ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா என்பது. நியாயமான கவலை. 'விருந்தினர் ஆசிரியர் மதிப்பூதியம்' என்று ஒரு தலைப்பு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது, அதிலேயே போடுங்கள். அதற்கும் சம்மதம் இல்லையென்றால், முதல் மூன்று ஆண்டுக்கு ஆகிற தொகையை 2011 செட் இ.சி.இ. நண்பர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பின்வரிசையில் இருக்கிற என் நண்பர்கள் சிலருக்கு இது இப்போதுதான் தெரிகிறது, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. மத்தியானம் பேசிக்கொள்ளலாம்.

இது மாலைப் பொதுக்குழுவில் ஏழாவது பொருளாக வருகிறது. வடை பாயாசத்தோடு சாப்பாடு என்று சொன்னார்கள். தூங்கிவிடாமல் வந்து கை தூக்குங்கள். இறுதியாண்டுத் தம்பி, தங்கைகளில் உடல்நலக் கருவி எதுவும் செய்துகொண்டிருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலுக்கு வாருங்கள், நாலு மணி வரை அங்கே இருப்பேன். கிடங்கிலிருந்து ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பேட்டரி இன்னும் நன்றாக இருக்கிறது, கூவும்.